மேசைக் கணினியில் லஸ்டர் மவுன்ட் ஆகவில்லையா?

ஆய்வகத்தின் லஸ்டர் சேமிப்பகத்தை லினக்ஸ் மேசைக் கணினியில் இணைக்கும்போது, முக்கால்வாசிச் சிக்கல் கெர்னலில்தான்.

1. ‘யுநேம் -ஆர்’ கொடுத்து கெர்னல் பதிப்பைப் பாருங்கள். கிளையன்ட் மாட்யூல் அதற்கென்றே கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். பதிப்பு மாறினால் ஏறாமல் போகலாம். பொருந்தியதும் கெர்னலின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவையுங்கள். இல்லையேல் ஒருநாள் கணினியைத் திறந்தால் மவுன்ட் செய்த கோப்புறை காலியாகக் கிடக்கும்.

2. வைஃபை, கேபிள் இரண்டும் இருந்தால் லஸ்டரின் நெட்வொர்க் அடுக்கான எல்நெட்டுக்குக் கேபிளைக் குறிப்பிடுங்கள். அதுவே சீரான வழி.

3. ஃபயர்வாலில் டிசிபி 988-ஐத் திறந்துவிடுங்கள். லஸ்டர் பேசுவது அந்த வாசலில்தான்.

4. மவுன்டுக்கு முன் லஸ்டர் சர்வருக்கு ‘எல்சிடிஎல் பிங்’ கொடுத்துப் பாருங்கள். பதில் வராவிட்டால் முதலில் நெட்வொர்க்கைக் கவனிக்க வேண்டும்.

5. பயனர் எண் சர்வரில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் சொந்தக் கோப்பையே திறக்க அனுமதி கிடைக்காது.