வயதுக்கு வருவதும் வயது வருவதும்



‘வயதுக்கு வந்த பெண்’, ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்ற தொடர்களைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு ஒன்றுதான். பேச்சில் சிலர் இரண்டையும் கலந்தே வழங்குவர். ஆனால் பொருள் ஒன்றா?

முதல் தொடர் உடலைப் பற்றியது. பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்கள் சூலகங்களைத் தூண்டுவதால் பெண் பூப்பெய்துகிறாள். இது ஒருத்திக்கு 11 வயதில் நிகழலாம். மற்றொருத்திக்கு 14 வயதில் நிகழலாம். உடல் வளர்ச்சி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. முன்யோசனைக்கு உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாம் தொடர் சட்டத்தைப் பற்றியது. ஆளுக்கு ஆள் உடல் வளர்ச்சியை அளந்து பார்க்கச் சட்டத்தால் இயலாது. எனவே அது எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோடு கிழிக்கிறது. நம் நாட்டில் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்கோடு 18 வயது. அதை எட்டாதவர் ‘மைனர்’, எட்டியவர் ‘மேஜர்’. லத்தீன் மொழியில் இவற்றுக்கு ‘சிறியவர்’, ‘பெரியவர்’ என்று பொருள். மைனர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது. இது தண்டனை அன்று, பாதுகாப்பு.

எல்லா உரிமைக்கும் இதே கோடு அன்று. வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்து, 1989இல் 18 ஆயிற்று. திருமணத்திற்கு ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். பெண்ணின் மணவயது 1929ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆகவே இருந்தது. 1949இல் 15 ஆகி, 1978இல் 18 ஆக உயர்ந்தது.

‘நிறைந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘பதினெட்டு நடக்கிறது’ என்று வீட்டில் சொன்னால், 17 தான் நிறைந்திருக்கிறது என்று பொருள். சட்டத்தின் கணக்கில் அவர் இன்னும் மைனரே.

‘பெண் வயதுக்கு வந்துவிட்டாளே, கல்யாணத்தை முடித்துவிடலாம்’ என்று யாரேனும் சொன்னால், அங்கே இரண்டு பொருள்களும் குழம்பிவிட்டன என்று அறியுங்கள். 13 வயதுச் சிறுமி வயதுக்கு வந்திருக்கலாம். ஆனால் வயது வந்தவள் அல்லள். இளம் வயதில் கருவுற்றால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து மிகுதி. அத்தகைய திருமணத்தைத் தடுக்க 1098 என்ற தொலைபேசி எண்ணில் உதவி கேட்கலாம். ஓர் உருபைக் கவனித்தால் ஒரு சிறுமியின் படிப்பையும் உயிரையும் காக்கலாம்.

பயிற்சி: 2010 ஜூன் 5 அன்று பிறந்தவர் எப்போது மேஜர் ஆவார்?

விடை: 2028 ஜூன் 5ஆம் நாளின் தொடக்கத்திலேயே. பிறந்த நேரம் மாலையாக இருந்தாலும், மாலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்த நாளை முழு நாளாகவே சட்டம் கணக்கிடுகிறது.