குட்டை டெக்ஸ்டர்: காளை சேர்க்கும் முன்

அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாடு ஓர் ஆளின் இடுப்பு உயரத்தைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். சிறு பண்ணைக்காரர்கள் அதை விரும்புவதும் இந்த உருவத்துக்காகத்தான். ஆனால் குட்டையில் இரண்டு வகை உண்டு. உடல் முழுவதும் அளவாகச் சிறுத்தது ஒன்று. உடல் திரண்டு, கால் மட்டும் குறுகியது மற்றொன்று. இரண்டாவதில்தான் வில்லங்கம்.

குருத்தெலும்புக்கு உரம் தரும் அக்ரிகன் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பழுதே இதற்குக் காரணம் என்பது 2007இல் தெரியவந்தது. பழுது ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் கால் குட்டையாகும், மாடு நன்றாகவே வாழும். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால் பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் பசு கன்று வீசிவிடும். உப்பிய மண்டை, வெளியே தள்ளிய நாக்கு, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குக் கால். இதற்கு ‘புல்டாக் கன்று’ என்று பெயர்.

ஆகவே முதல் வேலை மரபணுப் பரிசோதனை. கண்ணளவை நம்ப வேண்டாம்.

மாதிரிக்கு வால் மயிரே போதும். வால் குஞ்சம் காய்ந்து, சாணம் ஒட்டாமல் இருக்க வேண்டும். சில மயிர்களைத் தோலுக்கு அருகே பிடித்து வெடுக்கென்று இழுத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நுனியில் சிறு குமிழ்போல வேர் தெரிந்தால்தான் பயன். டிஎன்ஏ அங்கேதான் கிடைக்கிறது. கத்தரியால் வெட்டிய மயிர் வீண். இருபது, முப்பது மயிர் சேர்ந்ததும் காகித உறையில் போட்டு மாட்டின் எண்ணை எழுதிவிடலாம். பிளாஸ்டிக் பை ஈரம் கட்டும். அடுத்த மாட்டைத் தொடுமுன் கையைத் துடைப்பது அவசியம்.

இரட்டைக் கன்றுக்கு ரத்தப் பரிசோதனை ஏமாற்றக்கூடும். கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்திருக்கலாம். அங்கே மயிர்வேரே நல்லது. நுரையீரல் வளராமல் கன்று சாகும் இன்னொரு பரம்பரைக் கோளாறும் டெக்ஸ்டரில் உண்டு. அதையும் இதே மாதிரியில் பார்க்க ஆய்வகத்திடம் சொல்லலாம்.

முடிவு வந்ததும் ஜோடி சேர்ப்பது எளிது. பழுதைச் சுமக்கும் பசுவுக்குச் சுமக்காத காளை. பிறப்பவற்றில் பாதி பழுதைச் சுமக்க வாய்ப்புண்டு, புல்டாக் கன்று வராது. சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு சினையிலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். ‘குட்டைக் கால்தான் அழகு’ என்று இதைத் தெரிந்தே செய்வதற்குச் சமாதானம் ஏதுமில்லை. பழுதில்லாமலே சிறிய மாடுகள் இருக்கின்றனவே!

அவற்றைப் பொறுக்கியெடுக்க ஒற்றை மரபணு உதவாது. நியூசிலாந்தின் ஹோல்ஸ்டீன், ஜெர்சி கலப்பு மாடுகளில் உயரத்தோடு தொடர்புடைய பிளாக்1 என்ற மரபணுப் பகுதியை 2011இல் கண்டார்கள். 2018இல் 58,265 மாடுகளை அலசியபோது உயரத்தோடு தொடர்புடைய 163 இடங்கள் டிஎன்ஏவில் தெரிந்தன. அத்தனையும் சேர்ந்து விளக்கியது உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 விழுக்காடு. எனவே அளவுகோல் வேண்டும்: சமதரையில், நான்கு காலும் நேராக நிற்க, இடுப்பு உயரத்தை ஒவ்வொரு கிடேரிக்கும் ஒரே வயதில் எடுத்து, பரிசோதனை முடிவுக்குப் பக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும்.