வலி அடங்கியபின் மருந்து எதற்கு?

முடக்குவாதத்தில் மூட்டு வலியும் வீக்கமும் அடங்கியதும், இனி மருந்து எதற்கு என்று பலர் எம்மிடம் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால், நோய் தணிந்திருப்பது வேறு, நீங்கிவிடுவது வேறு. வெளியே வீக்கம் தெரியாதபோதும் மூட்டினுள் அழற்சி எஞ்சியிருக்கலாம்.

2021இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வொன்றில், நோய் தணிந்தபின் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைப் பாதியளவாகக் குறைத்தவர்களுள் 25 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் மீண்டும் தலைதூக்கியது. முழு அளவைத் தொடர்ந்தவர்களுள் 6 விழுக்காட்டினருக்கே அவ்வாறு நேர்ந்தது.

ஆகவே, மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு இன்றியே குறைந்தது 6 மாதங்கள் நோய் அடங்கியிருந்தால், படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவருடன் பேசலாம். அப்போது காலையில் விரல்கள் மீண்டும் விறைத்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே வாருங்கள்.