காலைப் பார், பந்து தானாகத் தெரியும்

நான் வளர்ந்த வாலிநோக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளமும் கடலும்தான். டென்னிஸ் மட்டையை முதன்முதலில் தொட்டதே மதுரைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு. பல்கலைக்கழக அணி வரை ஆடினேன். அதற்கு மேல் போகவில்லை.

சென்னை ஓப்பன் 1997இல் நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. அன்றிலிருந்து 2017 வரை, முதலில் ஏப்ரலிலும் பிறகு ஜனவரியிலும், சாயல்குடியில் பஸ் ஏறிவிடுவேன். முதல் சில வருடங்கள் பந்தோடு தலையை இடமும் வலமும் திருப்பியதுதான் மிச்சம். ஒரு நாள் காலையிலேயே போய்விட்டதால், பயிற்சிக் கோர்ட்டின் கம்பிவேலியைப் பிடித்து நின்றேன். ஆடிக்கொண்டிருந்தவர், எதிராளியின் மட்டை பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பு சின்னதாக ஒரு குதி குதித்தார். இரண்டு பாதமும் அகன்று இறங்கின. நாற்பது பந்து எண்ணினேன், ஒன்றுக்குக்கூட விடவில்லை. நானோ அத்தனை காலமும் குதிகால் பதிய நின்றுவிட்டு, பந்து வந்த பிறகு ஓடியவன். ஸ்பிளிட் ஸ்டெப் என்ற பெயர் தெரியும். கண்ணால் கண்டது அன்றுதான்.

அதனால் ஊரில் நான் சொல்லித்தரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: போட்டி பார்க்கக் காலையிலேயே போங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்தின் வேகம் மட்டும்தான் தெரியும். பேஸ்லைனுக்குப் பின்னால் உட்காருங்கள். பந்தின் உயரமும் வளைவும் தெரியும். ஒரு கேம் முழுக்க ஒரே ஆளின் காலை மட்டும் பாருங்கள்.

உடம்பையும் மதிக்க வேண்டும். 2008 சென்னை ஓப்பன் அரையிறுதியில் மோயாவோடு நாலு மணி நேரத்துக்குப் பக்கமாக மல்லுக்கட்டி ஜெயித்த நடால், மறுநாள் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். வலியோடு ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவன் நான். அந்த ஸ்கோர் எனக்கு மறக்காது.

எங்கள் கரையில் ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு எதிரே பலம் எடுபடாது. சர்வீசுக்குப் பந்தைத் தாழ்வாகத் தூக்கிப் போட்டு, இடம் பார்த்து வைக்க வேண்டும். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது அடியின் பலத்தால் அல்ல, கையின் நயத்தால்தான். பழைய மீன்வலையைக் கட்டி ஆடும் எங்கள் பிள்ளைகளுக்கு அவரைத்தான் முதலில் சொல்கிறேன்.

2018இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அந்த ஜனவரியில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. 2022 செப்டம்பரில் பெண்கள் போட்டி அதே நுங்கம்பாக்கத்துக்கு வந்தபோது மகளைக் கூட்டிப்போனேன். ஒன்றும் சொல்லித்தரவில்லை. கம்பிவேலியருகே கொஞ்ச நேரம் நின்றவள் கேட்டாள்:

“வாப்பா, அந்த அக்கா ஏன் ஒவ்வொரு பந்துக்கும் குதிக்கிறாங்க?”

“எண்ணிப் பாரும்மா” என்றேன்.