கோல் அடித்தவர் கோச் ஆகும்போது

வேலையில் கெட்டிக்காரராக இருப்பவருக்குப் பரிசாக மேலாளர் பதவி கொடுப்பது எல்லாத் துறையிலும் நடக்கிறது. அதிகம் விற்றவர் ஏரியா மேனேஜர் ஆகிறார், நன்றாகப் புரோகிராம் எழுதுபவர் டீம் லீட் ஆகிறார். கால்பந்தில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கும். கோலாக அடித்துப் பேர் வாங்கிய ஸ்ட்ரைக்கர் ஓய்வு பெற்றதும், அடுத்தது கோச் வேலைதான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். ஆனால் தான் செய்வதும் பிறரைச் செய்யவைப்பதும் இரண்டு தனித்தனித் தொழில்கள். முதலாவதில் இருந்து இரண்டாவதுக்குப் போக நினைப்பவர்கள் நார்வேயின் ஓலே குன்னார் சோல்ஷரின் பாதையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். ஏறியதும் சறுக்கியதும் அவரிடம் தெளிவாகத் தெரிகின்றன.

பெஞ்சில் இருந்தபோதே தொடங்கியது

1996இல் மோல்டே கிளப்பிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர் அவர். 366 ஆட்டங்களில் 126 கோல். பல நாள் அவருக்கு முதல் பதினொருவரில் இடம் கிடைக்காது. மாற்று வீரராக வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் முகம் சுளிக்காமல், எதிரணித் தடுப்பு வீரர்களையே கவனித்துக்கொண்டிருப்பார். யார் எந்தப் பக்கம் மெதுவாகத் திரும்புகிறார், களைத்ததும் யார் இடம் விட்டு நகர்கிறார் என்றெல்லாம் பார்த்துவைத்துக்கொள்வார். 1999 பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக 72ஆவது நிமிடத்தில் இறங்கி நான்கு கோல் போட்டார். அதே ஆண்டு மே மாதம் பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். 81ஆவது நிமிடத்தில் இறங்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் சக வீரர் பெக்காம் கார்னர் அடித்தார், இன்னொரு சக வீரர் ஷெரிங்காம் தலையால் தட்டினார், கோலுக்கு முன்னால் நின்ற சோல்ஷர் காலை நீட்டி வலைக்குள் தள்ளினார். எதிரணியான பேயர்ன் மியூனிக் தோற்றது. உலகம் அந்தக் காலை நினைவில் வைத்திருக்கிறது. நான் அதற்கு முந்தைய 80 நிமிடத்தைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அவருடைய கோச் வாழ்க்கைக்கான அடித்தளம் அங்கேதான் விழுந்தது.

2003இல் முழங்காலில் அடிபட்டது. அறுவைச் சிகிச்சை, ஓய்வு, மறுபடியும் வலி என்று ஆண்டுகள் கழிந்து, 2007 ஆகஸ்ட்டில் ஆட்டத்தை விட்டார். ஆட முடியாத அந்தக் காலத்தை அவர் வீணாக்கவில்லை. மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் எப்படிப் பேசுகிறார், பயிற்சியை எப்படி அமைக்கிறார் என்று குறிப்பெழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. உங்கள் வேலையிலும் இதைச் செய்யலாம், இன்றைக்கே தொடங்கலாம். உங்கள் மேலதிகாரி ஒரு சிக்கலை நன்றாகக் கையாண்டால் அன்று மாலையே எழுதிவையுங்கள். மோசமாகக் கையாண்டாலும் எழுதுங்கள். பதவி வந்த பிறகு உட்கார்ந்து கற்க நேரம் கிடைக்காது.

ஸ்ட்ரைக்கர்களுக்கு இது இன்னும் அவசியம். கோலுக்கு முன்னால் யோசிக்க நேரமில்லை, எல்லாம் பழக்கத்தில் நடக்கும். அதனாலேயே நல்ல கோல்காரர்கள் பலருக்குச் சொல்லிக்கொடுக்க வராது. “நேரம் பார்த்து அடிடா தம்பி” என்பதோடு நின்றுவிடுவார்கள். பந்து வருவதற்கு முன் தடுப்பு வீரர் எந்தக் காலில் பாரம் வைத்திருந்தார், அவர் பார்வைக்குப் பின்னால் நீங்கள் எப்போது நகர்ந்தீர்கள், முதல் தொடுதலில் பந்தை எவ்வளவு தூரம் தள்ளினீர்கள் என்று உடைத்துச் சொன்னால்தான் பதினாறு வயதுப் பையனுக்குப் புரியும்.

சின்ன இடம், சின்னத் தவறு

ஓய்வு பெற்றவுடன் அவர் பெரிய அணி கேட்கவில்லை. 2008 முதல் 2010 முடியும்வரை யுனைடெட்டின் ரிசர்வ் அணியைப் பார்த்துக்கொண்டார். அங்கே கூட்டம் குறைவு, செய்தியாளர் தொல்லை குறைவு, தப்பு செய்தாலும் வேலை போகாது. பிறகுதான் பழைய கிளப்பான மோல்டேயின் கோச் வேலை. 2011இன் முதல் லீக் ஆட்டத்திலேயே புதிதாக மேல்நிலைக்கு வந்த சார்ப்ஸ்போர்க் அணியிடம் 0-3 என்று தோற்றார். ஆனால் அந்த ஆண்டே மோல்டே தன் வரலாற்றில் முதல் லீக் பட்டத்தை வென்றது. அது கிளப்பின் நூறாவது ஆண்டு. 2012இல் மறுபடியும் லீக், 2013இல் நார்வே கோப்பை.

அதன் பிறகு வந்தது கார்டிஃப். 2014 ஜனவரி, பருவத்தின் நடுவில், கீழே விழுந்துகொண்டிருந்த அணி. மே மாதம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, செப்டம்பரில் அவரும் வெளியேறினார். பதவியின் பெயர் பெரிதாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், உங்களுக்கு எவ்வளவு நேரம் தருவார்கள், ஆட்களைத் தேர்ந்தெடுக்க விடுவார்களா என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். கௌரவம் பார்க்காமல் 2015இல் மோல்டேவுக்கே திரும்பினார். 2017இல் அங்கே வந்து சேர்ந்த பையன்களில் ஒருவர் எர்லிங் ஹாலண்ட். 2018 ஜூலையில் பிரான் அணிக்கு எதிராக முதல் 21 நிமிடத்துக்குள் அந்தப் பையன் நான்கு கோல் போட்டார். ஒரு பழைய ஸ்ட்ரைக்கரின் கையில் ஓர் இளம் ஸ்ட்ரைக்கர் வளர்ந்த காலம் அது.

பழைய இடத்துக்கு அதிகாரியாகப் போவது

2018 டிசம்பரில் யுனைடெட் அவரைத் தற்காலிக மேலாளராக அழைத்தது. நெடுநாள் வரவேற்பாளருக்கு நார்வே சாக்லேட் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. யுனைடெட் தன் சொந்த மைதானத்தில் பாரிஸ் அணியிடம் 0-2 என்று தோற்றிருந்தும், அந்த அணியை அதன் ஊரிலேயே 3-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றினார். மார்ச் 28 அன்று வேலை நிரந்தரமானது. ஊழியர்களை மதித்து, பயந்துகிடந்த அணியைத் தெம்பாக்குவது உண்மையான திறமை. அதை லேசாக நினைக்கக் கூடாது.

ஆனால் அது மட்டும் போதவில்லை. லீக்கில் மூன்றாம் இடம், பிறகு இரண்டாம் இடம், கோப்பை ஒன்றுமில்லை. 2021 யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் வியாரியல் அணிக்கு எதிராக 1-1 என்று நின்றபோது, 100ஆவது நிமிடம் வரை அவர் ஒரு மாற்று வீரரைக்கூட இறக்கவில்லை. எதிரணி கோச் உனாய் எமெரி அதற்குள் பலரை மாற்றிவிட்டிருந்தார். பெனால்டியில் 10-11 என்று யுனைடெட் தோற்றது. பெஞ்சிலிருந்து எழுந்துவந்து ஐரோப்பாவையே வென்றுகாட்டியவர், பெஞ்சை நம்பி ஆளை இறக்கத் தயங்கினார். களத்தில் பெற்ற அனுபவம் தானாகவே முடிவெடுக்கும் திறனாக மாறிவிடாது. அதைத் தனியாகப் பழக வேண்டும். அதே ஆண்டு நவம்பரில், வாட்ஃபோர்டிடம் 1-4 என்று தோற்ற மறுநாள், அவர் வேலை போனது. மொத்தம் 168 ஆட்டம், 91 வெற்றி.

என் கணிப்பில் சோல்ஷர் தோற்ற கோச் அல்லர். ஆளை வளர்ப்பதில் முதல் வரிசை, நெருக்கடியில் ஆட்டத்தைத் திருப்புவதில் அதற்கு அடுத்த வரிசை. இந்தக் குறை தெரிந்திருந்தால், அதில் கைதேர்ந்த ஒரு துணைக் கோச்சுக்கு அதிக அதிகாரம் கொடுத்திருக்கலாம். நீங்கள் டீம் லீட் ஆகும்போதும் இதுதான் முதல் வேலை: உங்களிடம் இல்லாத திறமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பக்கத்தில் வையுங்கள்.

கால்பந்திலேயே கோச் ஆக விரும்பும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் பி, ஏ, புரோ என்று உரிமங்கள் உண்டு. இந்தியாவிலும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் டி, சி வகுப்புகளில் தொடங்கி ஆசியக் கூட்டமைப்பின் பி, ஏ, புரோ வரை ஏற வேண்டும். ஆடிய பேர் மட்டும் இருந்தால் போதாது. ஆடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மாவட்டச் சங்கத்தில் விசாரித்து முதல் வகுப்பை முடித்துவிடுங்கள். வார இறுதியில் ஒரு பள்ளி அணியின் கோச்சுக்கு உதவியாக நில்லுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும்.