பேரனுக்கு ஒரு முயல் பொம்மை: கண்ணுக்கு மணி வேண்டாம்!

மூக்கு ஒழுகுகிறது என்று ஒரு பாட்டியம்மா தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் இருக்கும். ஒரு வாரமாகச் சளியாம். துளசி, கற்பூரவல்லி எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டாராம். ''நல்ல கஷாயமா எழுதிக் குடுங்க டாக்டர். நாத்தம் வேற அடிக்குது, பக்கத்துல போக முடியல'' என்றார்.

நாற்றம் என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. பையனின் வலது மூக்கு சுத்தமாக இருந்தது. இடது பக்கம் மட்டும்தான் மஞ்சளாக ஒழுகல். சாதாரணச் சளி என்றால் இரண்டு பக்கமும் ஒழுகும். ஒரே பக்கம் ஒழுகி, அதில் நாற்றமும் சேர்ந்தால், குழந்தை உள்ளே எதையோ போட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ மின்னியது. நான் அதைத் தொடவில்லை. ஹேர்பின், பட்ஸ் என்று எதையாவது விட்டு நோண்டினால் பொருள் இன்னும் உள்ளேதான் போகும். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அப்போதே அனுப்பி வைத்தேன். அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு சின்னக் கறுப்பு மணி.

மறுநாள் பாட்டியம்மா தனியாக வந்தார். கையில் ஒரு குரோஷா முயல். ஒரு கண் இருக்கிறது, இன்னொன்று இல்லை. ''நானேதான் கோத்து வச்சேன் டாக்டர். அவன் பொறந்தப்போ போட்டது. இனிமே ஊசியையே தொட மாட்டேன்'' என்று கண் கலங்கினார்.

''நல்ல வேளை, மூக்கோட போச்சும்மா. மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா நாம இப்படி உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்க மாட்டோம். ஆனா ஊசியை ஏன் விடணும்? கண்ணை மட்டும் வேற மாதிரி வைங்க'' என்றேன்.

அந்த முயலை வீட்டுக்கு வாங்கி வந்தேன். என் மனைவி முப்பது வருஷமாகக் குரோஷா போடுபவர். சாப்பாட்டு மேஜையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ''கண்ணு மட்டுமில்லைங்க, தலையே ஆடுது. கண்ணியெல்லாம் ஓட்டை, பஞ்சு வெளியே வருது'' என்று ஒரு பெரிய பட்டியலே போட்டுவிட்டார். இருவரும் உட்கார்ந்து புதிதாக ஒரு முயல் போட்டோம். அவர் போட்டார், நான் குறித்துக்கொண்டேன் என்பதுதான் சரி. அந்தக் குறிப்பைத்தான் இங்கே தருகிறேன்.

இந்த மாதிரிக் குட்டி உருவங்களை ஜப்பானில் 'அமிகுருமி' என்கிறார்கள். பின்னிச் செய்த, பஞ்சு அடைத்த பொம்மை என்று அர்த்தம். லேஸ் போடுவதற்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். லேஸில் ஓட்டைதான் அழகு. இதில் ஓட்டையே இருக்கக் கூடாது.

நூல், ஊசி, பஞ்சு

குழந்தை எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும். அதனால் கம்பளி நூல் வேண்டாம். அதன் பிசிறு எச்சிலோடு வாயில் ஒட்டிக்கொள்ளும். நாலு இழைப் பருத்தி நூலாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலைத் தலையணை உறை ஓரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பொம்மைக்கு வேண்டாம். முதல் பொம்மையைக் கறுப்பு, கருநீலத்தில் ஆரம்பிக்காதீர்கள். கண்ணி தெரியாமல் கண்தான் வலிக்கும்.

இந்த நூலுக்கு 2.5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி போதும். நூல் உறையில் இதைவிடப் பெரிய ஊசி எண் போட்டிருக்கலாம். அது சட்டை, சால்வைக்கான கணக்கு. பொம்மைக்கு அதைவிடச் சிறிய ஊசியாக எடுத்தால்தான் கண்ணி நெருக்கமாக விழும்.

உள்ளே அடைக்க, பெரியவர்கள் உடனே இலவம் பஞ்சைத்தான் சொல்வார்கள். படுக்கைக்கும் தலையணைக்கும் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பொம்மையை வாரம் ஒருமுறையாவது துவைக்க வேண்டியிருக்கும். நனைந்த இலவம் பஞ்சு கட்டி தட்டிப்போகும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துவைத்தால் சீக்கிரம் காய்கிற ஃபைபர் பஞ்சு, ரெக்ரான் என்று கேட்டால் கொடுப்பார்களே, அது நல்லது. அது கிடைக்காவிட்டால் பழைய பனியன் துணியைத் துவைத்துக் காயவைத்துப் பொடியாக நறுக்கி அடைக்கலாம். பொம்மை கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். தெர்மோகோல் குருணை, அரிசி, பயறு எதுவும் வேண்டாம். ஒரு கண்ணி அறுந்தால் போதும், அத்தனையும் தரையில், அங்கிருந்து வாயில்.

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: ''உள்ளே கொஞ்சம் வசம்பு வச்சுத் தைக்கலாமா டாக்டர், பூச்சி வராதே?'' வேண்டாம். வசம்புக்குப் பிள்ளை மருந்து என்று பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் எங்கள் மருத்துவத்தில் அதைச் சுட்டு, அளவு பார்த்துத்தான் பயன்படுத்துவது வழக்கம். பச்சையாக உள்ளே வைத்து, குழந்தை நாள் முழுக்கச் சப்புவதற்கு அது பொருளல்ல. மருந்து வேறு, பொம்மை வேறு.

போடும் முறை

ஒரு எச்சரிக்கை. பழைய ஆங்கிலேயப் புத்தகங்களில் 'டபுள் குரோஷா' என்று இருப்பதைத்தான் அமெரிக்க முறையில் 'சிங்கிள்' என்கிறார்கள். நான் சொல்வது அந்த சிங்கிள்தான். கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிட்டால் ஒரு கண்ணி. பொம்மை முழுக்க இது ஒன்றுதான்.

தலையும் உடம்பும் ஒரே துண்டு. தனித்தனியாகப் போட்டுத் தைத்தால் கழுத்துதான் முதலில் பிரியும்.

இரண்டு செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் 6 கண்ணி போடுங்கள். இது முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று சாதாரணமாக, அடுத்ததில் இரண்டு, இப்படியே சுற்றி வந்தால் 18. நான்காவதில் இரண்டு சாதாரணம், அடுத்ததில் இரண்டு: 24. ஐந்தாவதில் மூன்று சாதாரணம், அடுத்ததில் இரண்டு: 30. இதுவரை தட்டையான வட்டமாக இருந்தது, இனி கிண்ணமாகும். ஆறிலிருந்து பத்தாம் சுற்று வரை கூட்டாமல் குறைக்காமல் 30 கண்ணியே போட்டு வாருங்கள்.

சுற்றை மூடாமல் சுருளாகவே போகிறோம் என்பதால், எங்கே ஆரம்பித்தோம் என்று அடையாளம் வேண்டும். பலர் சேஃப்டி பின் மாட்டுவார்கள். மாட்டாதீர்கள். மறந்து உள்ளே போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டுக்கொண்டால் போதும், கடைசியில் உருவிவிடலாம்.

பதினொன்றாம் சுற்றில் குறைக்கத் தொடங்குகிறோம். மூன்று சாதாரணம், பிறகு இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்று: 24. பன்னிரண்டில் இரண்டு சாதாரணம், ஒன்று சேர்ப்பு: 18. சேர்க்கும்போது கண்ணியின் இரண்டு இழையிலும் ஊசியை விடாமல், முன்பக்க இழைகளில் மட்டும் விட்டுச் சேர்த்தால் ஓட்டை விழாது. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பாட்டியம்மாவின் முயலில் பஞ்சு எட்டிப் பார்த்ததும் இந்த இடத்தில்தான்.

இப்போது முகத்தைத் தைத்துவிட வேண்டும். கை உள்ளே போகும்போதே தைத்தால்தான் முடிச்சை உள்பக்கம் போட முடியும். கறுப்புப் பருத்தி நூலால் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே இடத்தில் ஏழெட்டுத் தையல். மூக்குக்கு ரோஸ் நூலில் ஒரு முக்கோணம். 'சேஃப்டி ஐ' என்று பின்னால் வாஷர் போட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் கண் கடைகளில் கிடைக்கிறது. பெயரில்தான் சேஃப்டி. பின்னிய துணி இழுக்க இழுக்க விரிந்து கொடுக்கும், கண் வாஷரோடு சேர்ந்தே வெளியே வரலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அதுவும் வேண்டாம். மணி, பட்டன், கிலுகிலுப்பை, வாலுக்குக் கம்பளிக் குஞ்சம் எதுவும் வேண்டாம்.

இதற்கு அளவுகூட உண்டு. பொம்மைத் தரச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கவோ, அதிலிருந்து கழன்று வரவோ கூடாது. நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் கடைப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் போடும் பொம்மைக்கு யார் முத்திரை குத்துவது? நாம்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

முகம் முடிந்ததும் பதின்மூன்றாம் சுற்றில் ஒன்று சாதாரணம், ஒன்று சேர்ப்பு: 12. இதுதான் கழுத்து. தலைக்குள் பஞ்சைக் கெட்டியாக அடையுங்கள், பென்சிலின் மொட்டை முனையால் தள்ளலாம். கழுத்துக்கும் கொஞ்சம் வையுங்கள், இல்லாவிட்டால் தலை தொங்கும். பிறகு மறுபடி கூட்டல்: பதினான்கில் 18, பதினைந்தில் 24. பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை 24 கண்ணியே. இருபத்திரண்டில் 18, இருபத்து மூன்றில் 12. உடம்பை அடைத்துவிட்டு இருபத்து நான்கில் 6 ஆக்கி, நூலை வெட்டி, மிச்சமுள்ள கண்ணிகளில் கோத்து இறுக்கி, நூல் முனையைப் பொம்மைக்குள் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் இழுத்து மறையுங்கள்.

காதுக்கு 6 கண்ணியில் ஆரம்பித்து, அடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்று கூட்டி 9 ஆக்கி, ஆறு சுற்று அப்படியே போட்டு, கடைசியில் 6 ஆகக் குறையுங்கள். பஞ்சு வேண்டாம், தட்டையாகவே தைக்கலாம். கைகால் நான்குக்கும் 6 கண்ணியில் ஏழு சுற்று போதும். தைப்பதற்கு நீளமான நூலாக மிச்சம் விட்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றுத் தையுங்கள். தைத்து முடித்ததும் ஊசிகளை எண்ணுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் எண்ணுவார்களே, அதுபோல. எத்தனை எடுத்தோமோ அத்தனையும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்.

பிறகு சோதனை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், உள்ளிருக்கும் வெள்ளை தெரியக் கூடாது. ஒவ்வொரு காதையும், கையையும், காலையும் பிடித்துப் பலமாக இழுங்கள். மனசு கேட்காதுதான், இழுங்கள். குழந்தை இதைவிடப் பலமாக இழுக்கும், கடிக்கவும் செய்யும்.

ரிப்பன் கட்டி முயலைத் தொட்டிலில் தொங்கவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நீளக் கயிறு கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். ஒரு வயது ஆகும்வரை, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பஞ்சுப் பொம்மையே கூடாது. தூளிக்குள் போடவே கூடாது. முகத்தில் அழுந்தினால் தள்ளிவிடக் குழந்தைக்குத் தெரியாது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கையில் கொடுங்கள்.

துவைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நல்ல வெயிலில் இரண்டு நாள். அழுத்தினால் உள்ளே ஈரம் தெரியக் கூடாது. எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள். அதில் உள்ள நாப்தலீன், ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து அலமாரியில் போடுங்கள்.

உங்கள் கையையும் பாருங்கள்

பேரனுக்குப் பிறந்தநாள் வருகிறது என்று ஒரே மூச்சில் உட்கார்ந்து, பெருவிரல் அடியில் வலி என்று வருபவர்கள் நிறைய. சிறிய ஊசியில் இறுக்கிப் போடும் வேலை இது, கை சும்மா இருக்காது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து, விரல்களை விரித்து மூடுங்கள். ஊசியின் கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி தளரும். வேலையை மடியில் வைத்துக் குனியாமல், மடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டால் கழுத்து பிழைக்கும். இரவில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை நீவிவிடலாம். ஆனால் ராத்திரியில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுப்புகிறது என்றால், அது எண்ணெயில் போகிற சமாசாரம் இல்லை. மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. ஊசியை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பாட்டியம்மா மூன்று வாரம் கழித்து அதே பையனோடு வந்தார். அவன் கையில் புது முயல். கண் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருந்தது. ''மூணு தடவை பிரிச்சுத் தச்சேன் டாக்டர், சரியாவே வரல. முழிக்கிற மாதிரி இருக்கு, இல்ல?'' என்றார். பையன் அந்த முயலை ஒரு காதைப் பிடித்துத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு, என் மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.