காமன் பொட்டலில் கற்க வேண்டிய பாடம்

அன்புள்ள தம்பிக்கு,

பருவநிலை மாற்றத்தைப் பற்றித் தோட்டத்து இளைஞர்களைக் கொண்டு ஒரு நாடகம் நடத்த எண்ணியிருப்பதாகவும், அதற்குரிய கதை அகப்படவில்லை என்றும் எழுதியிருந்தாய். துருவப் பனி உருகும் சங்கதியைத் தலவாக்கலை மேடையிலே காட்டுவது பிழையன்று. ஆயினும், நம் லய வீடுகளின் பின்னால் நிற்கும் மலை அடைமழையில் ஏன் சரிகிறது என்ற வினாவை முதலில் எடுத்துக்கொண்டாயானால், சரித்திரமும் விஞ்ஞானமும் அதன் பின்னே தாமாக வந்து சேரும்.

கண்டிக் கிராமத்தார் அனுபவித்து வந்த காடுகளை 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால் முடிக்குரியனவாக்கி, தோட்டக்காரருக்கு விற்று, மரங்களை வெட்டித் தீயிட்டுக் கோப்பி பயிரிட்ட ஆங்கில ஆட்சி, 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் அப்பயிர் அழிந்தபோது, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலையை அந்தச் சரிவுகளிலேயே பரப்பியது. காட்டு வேர்கள் பிடித்திருந்த மண்ணை, அதற்குப் பின் நம் பாட்டன்மார் வெட்டிய வடிகான்களே காத்து வந்தன. இன்றோ, வெப்பமுற்ற காற்று மிகுந்த நீராவியைச் சுமந்து, சில மணி நேரத்திற்குள் பெருமழையாகக் கொட்டிவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதையுண்டதை மழையின் கொடுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாகாது. சொந்தக் காணி ஒரு பேர்ச்சும் இல்லாதவர்களை அச்சரிவில் குடியிருத்திய ஏற்பாடு யாருடையது என்றும் உன் நாடகம் கேட்க வேண்டும்.

1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற ஸி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். நீயும் அவர் வழியிற் சென்று, அப்பாயி அம்மாயிமாரிடம் பாட்டுகளைக் கேட்டு எழுது. கூடவே, எந்த மாதத்தில் கொழுந்து மிகுந்திருந்தது, எந்தப் பனியில் தேயிலை கருகியது, படங்கைச் சுற்றிக்கொண்டு எந்த மழையில் மலை ஏறினார்கள் என்பதையும் விசாரி. செயின்ட் கூம்ஸிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் மழைக்கணக்கைக் கேட்டு, அம்மாயிமாரின் நினைவோடு ஒப்பிட்டுப் பார்.

கூத்தின் சங்கதியே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. மழை குறைந்து, திம்புள்ளைத் தேயிலையின் மணம் உச்சத்திலிருக்கும் மாசியிலே, தப்பு முழங்க நம்மவர் ஆடும் காமன் கூத்தில், சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்து விழ, ரதி புலம்புவதை நீ பலமுறை பார்த்திருப்பாய். கூத்து நடக்கும் காமன் பொட்டலைச் சுற்றி நிற்கும் பெண்களும் அவளோடு சேர்ந்து அழுவார்கள். துக்கத்தை ஊரார் அனைவருடையதுமாக்கும் இந்தச் சக்தி எந்தப் பிரசங்கத்துக்கும் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். விரதமிருந்து ஆடும் அக்கூத்தின் சடங்கில் கை வைக்காதே. அதன் தாளத்தையும் புலம்பலின் முறையையும் சிரத்தையோடு பயின்று, வேறொரு நாளில், வேறொரு மேடையில், எரிக்கப்பட்ட காட்டுக்கும் புதையுண்ட லயத்துக்கும் உங்கள் சொந்தச் சொற்களிலே ஒப்பாரி இயற்றுங்கள்.

கூத்துப் பழகிய பெரியவர்கள் வரவரக் குறைந்து வருகிறார்கள். ஆகையால் வருகிற மாசிவரை காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே தோழர்களை அழைத்துக்கொண்டு தப்படிக்கும் பெரியவரிடம் போ.

இங்ஙனம்,
உன் அன்பு அண்ணன்